குளிரை இழக்கும் கனிச்செடிகள்

பருவநிலை மாறி வருகிறது என்ற சொல் இன்று எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. அச்சொல்லைக் கேட்டவுடன் உருகும் பனிமலைகளும், ஊரை விழுங்கும் வெள்ளமும், வெடித்துக் கிடக்கும் ஏரிகளும் நம் மனக்கண் முன் எழுகின்றன. பேரிடராக வருவதைக் காண்பது எளிது. ஆரவாரம் எதுவுமின்றி வரும் கேடு ஒன்றும் உண்டு. குளிர்நாடுகளில் குளிர்காலம் தன் குளிரைச் சிறிது சிறிதாக இழந்து வருகிறது. குளிர் குறைந்தால் நல்லதுதானே என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அந்நாடுகளில் சிறுகனிகளைப் பயிரிட்டுப் பிழைக்கும் உழவர் குடும்பங்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. அவர்களுடைய கவலையையும், அதற்கு விடை காண உழவரும் அறிஞரும் கைகோத்துச் செய்துவரும் பணியையும் இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பெர்ரி என்னும் பொதுப்பெயரால் வழங்கும் இக்கனிகளுள் ஸ்ட்ராபெர்ரியை நாம் உதகையிலும் கொடைக்கானலிலும் கண்டிருக்கிறோம். புளூபெர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்கரண்ட் முதலியவற்றைப் பெரும்பாலும் ஜாம் புட்டியின்மேல் ஒட்டிய படத்தில்தான் கண்டிருப்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் 'ரைபினா' என்னும் கருஞ்சிவப்புப் பானத்தை அறிந்திருக்கும். அது பிளாக்கரண்ட் கனியின் சாறு. நமக்கு இவை அரிய தின்பண்டங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இவையே சோறு போடும் பயிர்கள்.

செடியின் உறக்கம்

குளிர்நாட்டுக் கனிச்செடிகள் இலையுதிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கச் செல்கின்றன. அடுத்த ஆண்டின் இலைகளும் மலர்களும் சிறு மொட்டுகளுக்குள் மடங்கிக் கிடக்கின்றன. குளிர்காலத்தின் நடுவே நான்கு நாள் வெயில் காய்ந்தது என்பதற்காக அவை விழித்துவிடலாகாது; விழித்தால் அடுத்து வரும் உறைபனியில் கருகிப்போகும். ஆகவே செடி தனக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலே தொடங்கி ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் எத்தனை மணிநேரம் கழிந்தது என்பதே அக்கணக்கு. கணக்கு நிறைந்த பின்னர் வெப்பம் வந்தால்தான் மொட்டு விரியும். பிளாக்கரண்ட் செடிகளுக்கு இவ்வாறு ஆயிரம் மணிநேரத்துக்கும் மிகுந்த குளிர் தேவை. வட அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகளில் வளரும் புளூபெர்ரிக்கும் ஏறத்தாழ அவ்வளவு தேவைப்படுகிறது.

புளூபெர்ரியைக் கொண்டு இவ்வுண்மையைத் தெளிவாக மெய்ப்பித்துக் காட்டியவர், அமெரிக்க ஐக்கிய நாட்டு வேளாண்மைத் துறையில் தாவரவியல் அறிஞராயிருந்த பிரெடரிக் கோவில் என்பவர். குளிர்காலம் முழுவதும் கண்ணாடி வீட்டின் இதமான சூட்டில் வைக்கப்பட்ட செடிகள், வசந்தம் வந்தும் துளிர்க்காமல் உறங்கிக் கிடந்தன. வெளியே குளிரில் நடுங்கிய செடிகளோ உரிய காலத்தில் துளிர்த்தன. அவர் கண்ணாடி வீட்டுக்குள் இருந்த ஒரு செடியின் ஒரே ஒரு கிளையை மட்டும் துளை வழியாக வெளியே நீட்டி வைத்தார். வசந்தத்தில் வெளியே இருந்த அக்கிளை இலைவிட்டது; அதே வேரில் உணவு பெற்ற ஏனைய கிளைகள் மொட்டையாகவே நின்றன. 1920-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியை அவர் வெளியிட்டார். அறிவியல் ஆர்வத்தால் செய்த ஒரு சோதனை, நூறாண்டுக்குப் பின் உழவர்களின் வாழ்வுக்கும் தாழ்வுக்கும் உரிய செய்தியாகும் என அன்று யார் நினைத்திருப்பார்?

மூவர் சேர்ந்து கண்ட பயிர்

கோவில் அவர்களின் பெயரைச் சொன்னபின், எலிசபெத் ஒயிட் என்னும் அம்மையாரின் பெயரைச் சொல்லாதிருக்க இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை புளூபெர்ரி காட்டில் பறித்துவரும் கனியாகவே இருந்தது. தோட்டத்தில் நட்டவர்கள் தோற்றனர். நல்ல உரமிட்ட மண்ணில் அச்செடி வாடும். புளிப்புத்தன்மை மிகுந்த மண்ணே அதற்கு ஏற்றது என்பதைக் கோவில் ஆராய்ந்து 1910-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஒயிட்ஸ்பாக் என்ற இடத்தில் தந்தையாருடன் கிரான்பெர்ரித் தோட்டம் நடத்திவந்த எலிசபெத் அம்மையார் அதைப் படித்தார். 'எங்கள் நிலத்தில் உங்கள் ஆராய்ச்சியைத் தொடரலாம்' என 1911-இல் அவரை அழைத்தார்.

அறிஞரிடம் நூலறிவு இருந்தது. அம்மையாரிடம் நிலமும் உழவறிவும் இருந்தன. எந்தப் புதரில் பெரிய கனி காய்க்கும் என்பதை அறிந்தவர்களோ, சுற்றியிருந்த பைன் காடுகளில் கனி பறித்துப் பிழைத்த எளிய மக்கள். அம்மையார் அவர்களிடம் துளையிட்ட அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு அகலமுள்ள அத்துளையில் விழாத அளவுக்குப் பெரிய கனி தரும் புதரைக் காட்டுவோருக்குப் பணம் தந்தார். புதர்களுக்குக் கண்டுபிடித்தவர் பெயரையே இட்டார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர் 'ரூபெல்' என்ற பெயரோடு இன்றும் தோட்டங்களில் வளர்கிறது. 1916-இல் தோட்டப் புளூபெர்ரி முதன்முறையாகச் சந்தைக்கு வந்தது. இன்று கண்டந்தோறும் விற்பனையாகும் அக்கனியின் தொடக்கம் இத்தகைய கூட்டுறவே. அறிஞர், உழவர், காட்டுவாசி ஆகிய மூவருள் எவரேனும் ஒருவர் விலகியிருந்தால் அது நிகழ்ந்திராது.

ஒரே நாளில் அறுவடை

இப்போது கடல் கடந்து பிரிட்டன் செல்வோம். அந்நாட்டில் பிளாக்கரண்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. பிரிஸ்டல் நகருக்கு அருகேயிருந்த லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் கனிச்சாறுகளைப் பற்றிய ஆய்வு நடந்தது. அதன் விளைவாகப் பிறந்த ரைபினா பானம் 1938-இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே போர் மூண்டது. கடல்வழி அடைபட்டு ஆரஞ்சுப் பழம் வருவது அரிதானபோது, வைட்டமின் சி மிகுந்த பிளாக்கரண்ட் சாற்றை அரசு குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கியது. ஒரு தலைமுறைக் குழந்தைகளின் உடல்நலத்தை உள்நாட்டுப் புதர் ஒன்று காத்தது எனலாம். இன்றும் பிரிட்டனில் விளையும் பிளாக்கரண்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரு பானத்துக்கே செல்கிறது.

இத்தோட்டங்களில் கனியை ஆட்கள் பறிப்பதில்லை. பெரிய இயந்திரமொன்று வரிசைமேல் ஏறிச் சென்று, புதர்களை உலுக்கிக் கனிகளை உதிர்த்துச் சேர்க்கிறது. ஒரு வரிசைக்கு ஒரே அறுவடைதான். ஆகவே தோட்டத்துக் கனிகள் அனைத்தும் ஒருசேரப் பழுக்க வேண்டும். அதற்கு மலர்கள் ஒருசேர மலர வேண்டும். அதற்கு மொட்டுகள் ஒருசேர விழிக்க வேண்டும். குளிர் குறைந்த ஆண்டில் இவ்வொழுங்கு குலைகிறது. சில மொட்டுகள் முந்தி விரிகின்றன, சில பிந்துகின்றன, சில விரியாமலே உலர்கின்றன. இயந்திரம் வரும் நாளில் ஒரே கிளையில் அழுகிய கனியும் பழுத்த கனியும் பச்சைக் காயும் தொங்குகின்றன. இடிமுழக்கமோ பெருவெள்ளமோ இல்லை. ஆயினும் உழவர் ஆண்டு முழுவதும் பட்ட பாட்டில் ஒரு பகுதி வீணாகிறது.

பிரிட்டனில் 2022 ஜூலை 19-ஆம் நாள் லிங்கன்ஷயர் பகுதியில் 40.3 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அந்நாட்டில் 40 டிகிரியைத் தாண்டியது அதுவே முதன்முறை. அந்த வெயிலைச் செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் எழுதின. மிதமாகிப்போன ஒரு குளிர்காலத்தை யார் முதல் பக்கத்தில் எழுதுவர்? ஆனால் பிளாக்கரண்ட் விளைவிப்போர் அதை மறவாமல் எண்ணி வருகின்றனர்.

அவர்களுக்குத் துணைநிற்பது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரருகே இன்வர்கவுரி என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையம். முன்பு ஸ்காட்லாந்து பயிர் ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்றிருந்த அது, 2011-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து ஜேம்ஸ் ஹட்டன் நிலையம் ஆயிற்று. அங்கு உருவாகும் பிளாக்கரண்ட் இரகங்களுக்கு ஸ்காட்லாந்து மலைகளின் பெயர்களை இடுவது மரபு. 1975-இல் வெளிவந்த 'பென் லோமண்ட்' அவற்றுள் முதலானது. அன்றைய உழவரின் அச்சம் வசந்தகால உறைபனியைப் பற்றியது. எனவே சுவீடன், பின்லாந்து நாட்டு இரகங்களைக் கலந்து, காலம் தாழ்த்தி மலர்ந்து பனிக்குத் தப்பும் செடியை அறிஞர்கள் உருவாக்கினர். வட நாடுகள் தம் செடிகளைத் தந்து உதவியதால் பிரிட்டன் தோட்டங்கள் பிழைத்தன.

இன்றைய அச்சம் வேறு. குளிர் போதாமல் செடி விழிக்க மறுப்பதே இன்றைய துயரம். எந்த இரகத்துக்கு எவ்வளவு குளிர் போதும் என்பதை அறிய, குளிர்காலத்தில் குறித்த இடைவெளிகளில் கிளைகளை வெட்டிவந்து, வெதுவெதுப்பான அறையில் நீரில் நிறுத்தி, எத்தனை மொட்டு விரிகிறது என எண்ணுகின்றனர். நம் இல்லத்துச் சிறுவர்கூடச் செய்யத்தக்க எளிய முறைதான். ஆனால் அதைப் பல இரகங்களில், பல ஆண்டுகள், வழுவாமல் செய்ய வேண்டும். இத்தகைய பணியின் பயனாகக் குறைந்த குளிரிலும் ஒழுங்காகக் காய்க்கும் 'பென் லாயர்ஸ்' என்ற இரகம் அண்மை ஆண்டுகளில் தோட்டங்களுக்கு வந்துள்ளது. இதற்கான செலவில் பெரும்பங்கை ஏற்றது, கனியை வாங்கும் பான நிறுவனம். நிலையம் அறிவைத் தந்தது. உழவர்கள் தம் தோட்டங்களில் சோதித்துப் பார்க்க இடம் தந்தனர்.

உழவர் ஒருவர் தனித்து நின்று இதைச் செய்யக்கூடாதா எனில், இயலாது என்பதே விடை. ஒரு மலரின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்து, அதன் விதைகளை முளைக்க வைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுகள் காய்க்கும்வரை சில ஆண்டுகள் காத்து, நூற்றில் தொண்ணூற்றொன்பதைக் கழித்து, எஞ்சியவற்றைப் பல இடங்களில் நட்டுப் பார்த்து, நல்லதொன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகிவிடுகின்றன. நட்ட புதரோ பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலத்தில் நிற்கும். இன்று தவறான இரகத்தை நடுபவர் அதன் பலனைத் தம் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை சுமக்கிறார். நெல்லிலோ கடலையிலோ அடுத்த பட்டத்தில் விதையை மாற்றிக்கொள்ளலாம். இங்கு அவ்வாய்ப்பு இல்லை.

காட்டுச்செடி தந்த விடை

குளிர் குறைந்த இடத்துக்கு ஏற்ற செடி எங்கிருந்து வருகிறது? விடை பெரும்பாலும் யாரும் மதிக்காத காட்டுச்செடியில் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் வெப்பம் மிகுந்தது. வடபுலத்துப் புளூபெர்ரி அங்கே குளிரின்றி வாடும். புளோரிடாக் காடுகளிலோ என்றும் பசுமை மாறாத குட்டையான காட்டுப் புளூபெர்ரி ஒன்று உண்டு. அதன் கனி சிறியது, சந்தைக்கு உதவாதது. ஆனால் அதற்குக் குளிரின் தேவை மிகக் குறைவு. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ரால்ப் ஷார்ப் என்பவர், வேளாண்மைத் துறை ஆய்வாளர்களின் ஒத்துழைப்போடு, இரண்டையும் கலக்கும் பணியில் இறங்கினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், 1970-களின் நடுவில் 'ஷார்ப்புளூ' முதலிய இரகங்கள் வெளிவந்தன. ஆயிரம் மணிநேரக் குளிர் கேட்ட செடி, சில நூறு மணிநேரத்தோடு நிறைவடையக் கற்றுக்கொண்டது.

அவ்வழியில் வந்த இரகங்களால்தான் புளூபெர்ரி தென்னாடுகளுக்குப் பரவியது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், பசிபிக் கடலோரப் பாலைநிலத்தில், மலையிலிருந்து கொணர்ந்த நீரைக்கொண்டு தோட்டங்கள் எழுந்தன. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய அம்முயற்சி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெருவை உலகின் முதன்மையான புளூபெர்ரி ஏற்றுமதி நாடாக உயர்த்தியது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1998-இல் வெளியிட்ட, உரிமத் தொகை கேட்காத 'பிலாக்சி' என்னும் இரகம் அவ்வளர்ச்சிக்குப் பெரிதும் கைகொடுத்தது.

ஆனால் 2023-இல் எல் நினோ என்னும் கடல்வெப்பம் பெருவின் கரையைத் தாக்கியது. அந்நாட்டுக் குளிர்காலம் இயல்புக்கு மிஞ்சி வெதுவெதுப்பாயிற்று. குறைந்த குளிரே போதும் என்றிருந்த செடிகளுக்கு அக்குறைந்த குளிரும் கிட்டவில்லை. பூக்கும் காலம் தள்ளிப்போயிற்று. விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. மிகுந்த நிலப்பரப்பில் ஓரிரு இரகங்களையே நம்பியிருந்தவர்கள் பெரிதும் நலிந்தனர். ஒரு விடையைக் கண்டுவிட்டோம் என்று ஓய்ந்திருக்க இயற்கை இடம் தருவதில்லை என்பதற்கு இது சான்று.

நாளைய வெப்பத்தை இன்றே காணும் தோட்டம்

ஐரோப்பிய நாடுகள் இதனை உணர்ந்து மற்றொரு வழியைக் கையாண்டன. ஸ்பெயின் நாட்டு மாலகா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க, 2016 முதல் 2020 வரை 'குட்பெர்ரி' என்ற கூட்டுத்திட்டம் நடந்தது. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, பிளாக்கரண்ட் ஆகியவற்றைத் தெற்கு முதல் வடக்கு வரை பல நாட்டு நிலையங்களில் ஆராய்ந்தனர். ஒரே இரகத்தை ஸ்பெயினின் வெயிலிலும் போலந்தின் சமவெளியிலும் நார்வேயின் குளிரிலும் வளர்த்து ஒப்பிட்டால், வெப்பம் ஏறும்போது அதன் பூப்பும் சுவையும் சத்தும் எவ்வாறு மாறும் என்பது தெரியவரும். ஒரு வகையில், இன்றைய தெற்கு நாளைய வடக்கு. எதிர்காலத்தைக் காண ஊர்தி ஏறிச் சென்றால் போதும் என்றாகிறது. ஆனால் ஒரு நாட்டின் அறிஞர் தம் அளவுகளை மறைத்து வைத்துக்கொண்டால் இவ்வொப்பீடு நடவாது. எல்லோரும் ஒரே முறையில் அளந்து, ஒரே ஏட்டில் எழுதியாக வேண்டும்.

2021-இல் இத்தாலியின் அங்கோனா நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் தலைமையில் 'பிரீடிங் வேல்யூ' என்ற திட்டம் தொடங்கிற்று. ஐரோப்பாவெங்கும் சேமித்து வைத்துள்ள பழைய இரகங்களையும் காட்டுவகைகளையும் ஆராய்ந்து, வருங்காலத்துக்கு ஏற்ற குணங்கள் எவற்றில் உள்ளன எனத் தேடுவதே அதன் பணி. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாம் உண்ணும் ஸ்ட்ராபெர்ரியே இரு கண்டங்களின் கலப்பு. 1714-இல் பிரெசியே என்னும் பிரெஞ்சு அதிகாரி சிலி நாட்டிலிருந்து கொணர்ந்த செடிகள், வட அமெரிக்கச் செடிகளோடு பிரான்சில் கலந்ததால் பிறந்தது அது. சிலி நாட்டின் பழங்குடி மக்கள் அச்செடியைக் காலங்காலமாகப் பேணி வளர்த்திராவிட்டால் கொண்டுவருவதற்கு அங்கே ஒன்றும் இருந்திராது.

செடியை மாற்ற இயலாதபோது

எல்லா இடத்திலும் புதிய இரகம் நட்டுத் தப்பிவிட இயலாது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் புளூபெர்ரி தரையோடு படர்ந்து தானே வளர்கிறது. யாரும் நட்டதன்று. ஒரே வயலில் நூற்றுக்கணக்கான வகைகள் கலந்திருக்கும். ஓராண்டு கத்தரித்தோ தீயிட்டோ விட்டு மறு ஆண்டு அறுவடை செய்வார்கள். அப்பகுதி விரைந்து வெப்பமடைந்து வருவதை மெய்ன் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே செடியை மாற்றுவதற்கில்லை. பேணும் முறையையே மாற்றவேண்டும். மரத்தூளும் பட்டைச் சீவலும் கொண்டு மூடாக்கு இட்டு ஈரம் காப்பது, வறண்ட காலத்தில் நீர்பாய்ச்சுவது முதலியவற்றை ஆராய்கின்றனர். இவ்வாராய்ச்சியின் வேர் பழையது. 1945-ஆம் ஆண்டிலேயே அம்மாநிலப் புளூபெர்ரி உழவர்கள், தங்கள் விளைச்சலின் மேல் ஒரு சிறு வரி விதித்து ஆராய்ச்சிக்குச் செலவிடுமாறு தாங்களே கேட்டுப் பெற்றனர். வரியைக் குறைக்கக் கேட்பவரைக் கண்டிருக்கிறோம். விதிக்கக் கேட்டவரை எங்கே காண்கிறோம்?

அதே நாட்டின் மேற்குக் கரையில் 2021 ஜூன் இறுதியில் வீசிய வெப்பத்தையும் குறிப்பிட வேண்டும். போர்ட்லாண்டு நகரில் 46 டிகிரியைக் கடந்தது. எல்லைக்கு அப்பால் கனடாவின் லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரியை எட்டியது. அறுவடைக்குக் காத்திருந்த ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் கிளையிலேயே வெந்தன. அதன்பின் நிழல்வலை, நுண்தெளிப்பான் ஆகியவற்றின்பால் உழவர்களின் கவனம் திரும்பியது. பழைய தெளிப்பு முறையைவிடக் குறைந்த நீரில் நுண்தெளிப்பான்கள் புளூபெர்ரிக் கனியைக் குளிர்விக்கும் என்று அப்பகுதிப் பல்கலைக்கழகங்கள் உழவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து கூறியுள்ளன. தண்ணீர் அருகிவரும் காலத்தில் இது சிறு செய்தியன்று.

அறிவு யாருக்கு உரியது?

இவ்வளவும் கேட்டபின் ஒரு கேள்வி எழுகிறது. புதிய இரகம் உருவாயிற்று. அது யாருக்குக் கிடைக்கும்?

பிலாக்சி போன்று அரசு நிலையங்கள் பொதுவில் விட்ட இரகங்களை எவரும் நடலாம். இன்று உருவாகும் இரகங்களுள் பல, காப்புரிமை பெற்றுத் தனி நிறுவனங்களின் கையில் உள்ளன. செடி ஒவ்வொன்றுக்கும் உரிமத் தொகை உண்டு. விளைந்த கனியைக் குறிப்பிட்ட வணிகரிடமே விற்கவேண்டும் என்ற கட்டுப்பாடும் சிலவற்றில் உண்டு. பெருந்தோட்ட முதலாளிகள் அதைச் செலுத்திவிடுவர். 2023-இல் பெருவில் நிகழ்ந்தது போன்ற இடர் வரும்போது, பழைய இரகத்தைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட அவர்களால் இயலும். நான்கு ஏக்கர் உழவர் என்ன செய்வார்?

மறுபக்கத்தையும் நடுநின்று பார்க்கவேண்டும். பதினைந்து இருபது ஆண்டுகள் ஊதியம் கொடுத்து, ஆயிரம் செடியில் ஒன்றைத் தேர்ந்தவர்கள் தங்கள் செலவை மீட்க விரும்புவது குற்றமாகாது. அச்செலவை யார் ஏற்பது என்பதே கேள்வியின் உள்ளீடு. பான நிறுவனம் ஏற்றால் அந்நிறுவனத்துக்கு வேண்டிய கனி கிடைக்கும். அதற்கு விற்காத உழவர் ஒதுங்கி நிற்க நேரலாம். உழவரே வரி செலுத்தி ஏற்றால் விடை உழவருக்குப் பொதுவாகும். அரசு ஏற்றால் எல்லோருக்கும் பொதுவாகும். ஆனால் அரசுகளின் கை சுருங்கி வருகிறது. போர்க்காலக் குழந்தைகளுக்குச் சாறு தந்த லாங் ஆஷ்டன் நிலையம் 1903-இல் தோன்றி, நூறாம் ஆண்டாகிய 2003-இல் மூடப்பட்டது. நூறாண்டு சேர்த்த பட்டறிவு ஒரு கட்டடத்தோடு கலைந்துபோவதை எந்தக் கணக்கில் எழுதுவது? வெப்பம் பொதுவாக ஏறுகிறது. அதைத் தாங்கும் வழி மட்டும் விலைகொடுப்போருக்கே என்றால், பருவநிலை மாற்றத்தின் சுமை எளியவர் தோளிலேயே இறங்கும். ஆராய்ச்சிக் கூட்டுறவு என்று நாம் கூறும்போது, அறிஞரும் அறிஞரும் கூடுவதோடு நின்றுவிடாமல், விடை சிறு உழவரின் வேலி வரை சென்று சேர்வதையும் அச்சொல்லில் அடக்கியே கூறுகிறோம்.

நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இது நெடுந்தொலைவில் உள்ளோர் கதையென்று ஒதுக்கிவிட வேண்டா. நம் கொடைக்கானல் மலையில் விளையும் பிளம்ஸும் பேரிக்காயும் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மரங்களே. சமவெளியில் உள்ள மாமரம் இத்தகைய நீண்ட உறக்கம் கொள்வதில்லை; எனினும் தன் பூப்புக்குப் பனிக்கால இரவுகளின் குளிர்ச்சியை எதிர்பார்ப்பது அதுவும். மா பூக்கும் காலம் முன்போல் இல்லை என்று நம் பெரியோர் கூறக் கேட்கிறோம். அவர்கள் கூற்றை ஆராயவேண்டுமானால், எந்த ஆண்டில் எந்த நாளில் பூத்தது என்ற குறிப்பு வேண்டும். நம்மில் எத்தனை வீடுகளில் அது இருக்கிறது?

கேரளத்துப் பள்ளிகளில் வேரூன்றி, இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் பரவியுள்ள 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தில், மாணவர்களும் பொதுமக்களும் தமக்கு அருகிலுள்ள மரம் துளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் வாரந்தோறும் குறித்து அனுப்புகின்றனர். அவ்வாறு சேர்ந்த குறிப்புகள் அறிஞர்களின் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. நம் பிள்ளைகளும் வீட்டு முற்றத்து மாவையோ, புளியையோ, தெருமுனை வேம்பையோ தேர்ந்து, ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதிவரலாம். முதல் பூ கண்ட நாள், முதல் கனி விழுந்த நாள், அவ்வாண்டு மழை பெய்த நாள் என்ற மூன்று வரி போதும். தாத்தா பாட்டியிடம் பழைய ஆண்டுகளைக் கேட்டு எழுதினால் இன்னும் நன்று.

பைன் காட்டின் எளிய மக்கள் தங்களுக்குத் தெரிந்த புதரைக் காட்டியதால் ஒரு பயிர் பிறந்தது. புளோரிடாவில் ரால்ப் ஷார்ப் கலந்து வைத்த செடிகள் சந்தைக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இன்று இன்வர்கவுரியில் ஒரு மலரின் மகரந்தத்தை மற்றொரு மலரில் சேர்க்கும் ஆய்வாளர், அதன் விதையிலிருந்து வரும் இரகத்தை உழவர் நடும்போது பெரும்பாலும் ஓய்வுபெற்றிருப்பார். ஆயினும் இன்றைய அளவுகளை ஒழுங்காக எழுதி வைக்கிறார்; அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்குவார். நம் குடும்பங்களும் தமக்குத் தெரிந்ததை எழுதி வைக்கட்டும்.